திங்கட்கிழமை வாருங்கள்: பள்ளிச் சுற்றுலா அழைத்து வரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சார்மாரே, டீச்சர்மாரே, வணக்கம்.

நான் பத்மநாபபுரம் கோட்டைக்குள் குடியிருக்கிறேன். வீட்டிலேயே தையல் வேலை. மெஷின் ஜன்னலோரமாகக் கிடக்கிறது, ஜன்னலைத் திறந்தால் அரண்மனைக்குப் போகிற ரோடு, அதனால் சுற்றுலா சீசன் தொடங்கிவிட்டால் உங்கள் பஸ்கள் வருவதும் போவதும் எனக்குத் தெரியாமல் நடப்பதில்லை. ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு ப்ளவுஸுக்குக் கொக்கி வைத்து, கையால் ஹெம்மிங் பண்ணி முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதற்குள் ஒரு பஸ் வந்து, பிள்ளைகள் இறங்கி, வரிசையில் நின்று, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அரண்மனைக்குள் ஓடி, வெளியே வந்து, ஏத்தங்காய் சிப்ஸ் வாங்கி, தலையை எண்ணிப் பார்த்து ஏற்றிக்கொண்டு கிளம்பியே போய்விடுகிறது. பல நாள் கடைசிக் கொக்கிக்கு முன்னாலேயே போய்விடும்.

உங்கள் மேல் கோபமெல்லாம் இல்லை. ஒரு பிள்ளை கையில் இருந்த நோட்டீஸை வாங்கிப் படித்தேன். காலையில் திற்பரப்பு அருவி, அப்புறம் மாத்தூர் தொட்டிப்பாலம், பத்மநாபபுரம் அரண்மனை, மதியச் சாப்பாடு, சுசீந்திரம், வட்டக்கோட்டை, சாயங்காலம் கன்னியாகுமரியில் சூரியன் மறைவதற்குள் போய்ச் சேர வேண்டும். சூரியன் யாருக்காகவும் நிற்காது, அதனால் இடையில் இருக்கிற எல்லாரும் உங்களை அவசரமாக வழியனுப்ப வேண்டியிருக்கிறது. நாற்பத்தைந்து பிள்ளைகளை அருவியில் குளிப்பாட்டித் துவட்டி பஸ்ஸில் ஏற்றுவதே எவ்வளவு பாடு என்று ஒரு பையனை வளர்க்கிற எனக்குத் தெரியும்.

ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. நீங்கள் பார்த்துவிட்டுப் போவது ஆறரை ஏக்கர். அதைச் சுற்றி ஒரு கோட்டை இருக்கிறது, சுற்றளவு ஏறத்தாழ நாலு கிலோமீட்டர், உள்ளே தெருக்கள், கோயில்கள், குளம், வீடுகள், நாங்கள். இதற்கு டிக்கெட் இல்லை, செருப்பும் கழற்ற வேண்டாம். இதையும் பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாதா? இரண்டு மணி நேரம் போதும்.

நானும் இந்த ஊரில் பிறந்தவள் இல்லை. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கட்டிக்கொடுத்து வந்து பதினாறு வருஷம் ஆகிறது. வந்த முதல் நாளே அத்தை என்னிடம் "கொஞ்சம் வெள்ளம் எடு பிள்ளே" என்றார். நான் அடுக்களைக்குள் போய் டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்து, கடைசியில் ஒரு துண்டு வெல்லத்தைக் கையில் கொண்டுவந்து நீட்டினேன். வெள்ளம் என்றால் இங்கே தண்ணீர் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அந்தக் கதை இன்றைக்கும் எங்கள் குடும்பக் கல்யாண வீடுகளில் ஓடுகிறது.

முதல் இரண்டு வருஷம் எனக்கு இந்த ஊரில் ரேஷன் கடையும் தக்கலை பஸ் நிறுத்தமும்தான் தெரியும். அப்புறம் அத்தைக்கு முட்டு வலி வந்தது, தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லிவிட்டார், துணைக்கு நான். சாயங்காலம் நாலரை மணிக்குக் கிளம்புவோம். ஒரு நாள் கோட்டைச் சுவரின் ஒரு துண்டு, மறுநாள் அடுத்த துண்டு, அத்தைக்கு மூச்சு வாங்குகிற இடத்தில் உட்கார்ந்துவிடுவோம். உட்கார்ந்த இடத்தில் ஒரு கதை. இது யானை போன வழி, இந்த வீட்டில் எழுத்துப்பிள்ளை இருந்தார், இந்தக் கிணற்றில் விழுந்த பசுவை எடுக்க ஊரே கயிறு பிடித்தது, இப்படி. ஊரைச் சுற்றி முடிக்க எங்களுக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. அத்தை சொன்ன கதைகளில் பாதிதான் சரித்திரமாக இருக்கும், மீதி எது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சரித்திரம் வேண்டும் என்கிற டீச்சர்களுக்காக, எனக்குப் பிடிபட்ட மட்டில் சொல்கிறேன். இந்த இடத்தின் பழைய பேர் கல்குளம். எங்கள் தாலுகா இன்றைக்கும் அந்தப் பேரில்தான் இருக்கிறது. 1601-ஐ ஒட்டி வேணாட்டு அரசர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் இங்கே அரண்மனை கட்டினார் என்பார்கள். அப்புறம் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா வந்தார், 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார், பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாயை ஜெயிலில் போட்டு மறந்துவிடாமல் தன் படைக்குப் பயிற்சி கொடுக்கவும் கோட்டை கட்டவும் வைத்துக்கொண்டார். இந்தக் கருங்கல் சுவர் அந்தக் காலத்து வேலை. அரண்மனையைப் புதுக்கிக் கட்டி, ஊருக்குப் பத்மநாபசாமி பேரை வைத்ததும் அவர்தான். 1795-இல் திருவிதாங்கூரின் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. ராஜா கிளம்பி இருநூற்று முப்பது வருஷம் ஆகிறது, பூசாரிகளும் தச்சர்களும் கணக்கெழுதினவர்களும் அவர்கள் பேரப்பிள்ளைகளும் கிளம்பவில்லை. என் வீட்டுக்காரர் தக்கலையில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கெழுதுகிறார்.

சரி, இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை.

திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. இது எப்போதும் உள்ளதுதான், ஆனாலும் வருஷத்துக்கு நாலைந்து பஸ்ஸாவது திங்கட்கிழமை வந்து பூட்டின வாசலைப் பார்த்து முழிக்கும். அன்றைக்கு வந்தது வடக்கே எங்கேயோ இருந்து, ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். காலை ஒன்பதரை மணி. கூட வந்த சார் போனை எடுத்துக்கொண்டு அந்தண்டை இந்தண்டை நடக்கிறார், யாரிடமோ "நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணுமா இல்லையா" என்று குரலை அடக்கிக்கொண்டு கத்துகிறார். டீச்சர் மதிலில் சாய்ந்து நின்றுவிட்டார். பிள்ளைகளுக்கு விஷயமே தெரியவில்லை, அவர்கள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெண் பிள்ளைகள் என் ஜன்னல் பக்கம் வந்து, "ஆன்ட்டி, பாத்ரூம் இருக்கா?" என்று கேட்டார்கள். இரண்டு பேர் வந்தால் இருபது பேர் வருவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு. மேலே மரத் தட்டு, உள்ளே ஒரு பத்தாயம், அதில் நெல் போட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது, இப்போது நான் லைனிங் துணியும் வெட்டுத் துண்டும் போட்டு வைத்திருக்கிறேன். நடு அறையில் மட்டும் பழைய கறுப்புத் தரை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஓரமெல்லாம் பெயர்ந்து சிமென்ட் பூசியாகிவிட்டது, நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இன்னும் முகம் தெரிகிற மாதிரி மின்னும். அரண்மனையில் இருக்கிறதே, சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்தது என்று கைடு சொல்லுவாரே, அந்த ஜாதி. பாத்ரூமுக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். ஒருத்தி குனிந்து தொட்டாள். "ஈரமா இருக்குன்னு நெனச்சேன்" என்றாள். பக்கத்தில் நின்றவள் அப்படியே உட்கார்ந்து கன்னத்தை வைத்துப் பார்த்தாள், "ஏய் ஜில்லுனு இருக்குடி" என்றாள், அவ்வளவுதான், பத்து நிமிஷத்தில் என் வீட்டு நடு அறையில் ஏழெட்டுப் பிள்ளைகள் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக் கிடந்தார்கள், மற்றவர்கள் எங்களுக்கு எங்களுக்கு என்று இடிக்கிறார்கள், அத்தை கட்டிலில் உட்கார்ந்து "பைய, மக்களே, பைய" என்று சொல்லிக்கொண்டே சிரிக்கிறார். பதினாறு வருஷமாக நான் தினமும் துடைக்கிற தரை அது. நான் ஒரு தடவைகூடக் கன்னத்தை வைத்துப் பார்த்ததில்லை. (அன்று மத்தியானம் வைத்துப் பார்த்தேன்.)

அப்புறம் தையலை மூடி வைத்துவிட்டு நானே கூட்டிக்கொண்டு போனேன். சார் முதலில் தயங்கினார், "இங்க பாக்க வேற என்னம்மா இருக்கு?" என்றார். கேட்டது தப்பில்லை, நோட்டீஸில் இல்லையே.

முதலில் ராமசாமி கோயில். அங்கே மரத்தில் ராமாயணத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், நாற்பத்தைந்து பலகை. நான் கதை சொல்லப் போகவில்லை, அனுமார் எத்தனை இடத்தில் இருக்கிறார் என்று எண்ணச் சொன்னேன். சண்டையே வந்துவிட்டது. இது அனுமாரா சுக்ரீவனா என்று ஒரு பையன் கேட்கிறான், எனக்கும் தெரியவில்லை, டீச்சர் வந்து பார்த்துவிட்டு அவருக்கும் சந்தேகம், மூன்று பேரும் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றோம். ஒவ்வொருவரும் ஒரு எண்ணிக்கை சொன்னார்கள். எது சரி என்று நானும் பின்னால் ஒரு நாள் போய் எண்ணினேன், எனக்கு வேறொரு எண்ணிக்கை வந்தது.

அடுத்து சுவர். எங்கள் தெருக்கோடியில் ஆலும் அரசும் வேரை விட்டுக் கல்லைப் பிளந்துகொண்டிருக்கிற ஒரு இடம் இருக்கிறது. அழகாகத்தான் இருக்கும், ஆனால் அந்த வேர்தான் சுவருக்கு எமன். விதை என்னவோ கடுகளவு, காக்கை போடுவது, பத்து வருஷத்தில் ஆள் தூக்க முடியாத கல்லை நகர்த்திவிடுகிறது. பிள்ளைகளிடம் வேரைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன், சுவரின் மேல் ஏறக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், பாசி வழுக்கும். "இந்தக் கல்லையெல்லாம் எப்படி ஆன்ட்டி தூக்கினாங்க?" என்று ஒருவன் கேட்டான். அரண்மனையில் ஒரு உருண்டைக் கல் இருக்கிறது, படையில் சேர வருகிறவன் அதை நூற்றொரு தடவை தலைக்கு மேல் தூக்க வேண்டும் என்று சொல்லுவார்கள் என்றேன். அவனுக்கு அது போதவில்லை. "அது சிப்பாய் ஆன்ட்டி, சுவர் கட்டினவங்களுக்கு என்ன பரீட்சை வச்சாங்க?" என்றான். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை சார், உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

வழியில் இன்னொருத்தி, "ஆன்ட்டி, இப்ப நாம கேரளாவிலயா இருக்கோம்?" என்று கேட்டாள். போர்டில் மலையாளம் பார்த்திருக்கிறாள். நல்ல கேள்வி. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், அரண்மனையைப் பராமரிக்கிற பொறுப்பு கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. வாசலுக்கு உள்ளே கேரள அரசின் டிக்கெட், வாசலுக்கு வெளியே தமிழ்நாட்டுச் சாயா. அவளுக்கு இது பயங்கரமான வேடிக்கையாகப் போய்விட்டது, மதில் ஓரமாக ஒரு காலைத் தூக்கிக்கொண்டு "இந்தக் கால் கேரளா" என்று நொண்டிக்கொண்டே வந்தாள். எங்கள் ஊரில் சமூக அறிவியல் பாடம் இப்படித்தான் கிடைக்கும்.

கடைசியாக நீலகண்டசாமி கோயில் தெப்பக்குளம். படியில் உட்கார வைத்தோம். அங்கே வழக்கமாக உட்கார்ந்திருக்கிற ஒரு பெரியவர் சிவாலய ஓட்டம் பற்றிச் சொன்னார். சிவராத்திரிக்கு முந்தின நாள் முஞ்சிறை திருமலையில் தொடங்கி, திருநட்டாலத்தில் முடிகிற வரைக்கும் பன்னிரண்டு சிவன் கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல், காவி வேட்டியும் கையில் பனை விசிறியுமாக "கோவிந்தா கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓட்டம். எங்கள் கல்குளம் ஏழாவது. இங்கே வரும்போது பாதிப் பேருக்குக் கால் வெந்திருக்கும். வீட்டு வாசலில் அண்டா வைத்து மோரும் பானகமும் கொடுப்போம், குடித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் ஓடுவார்கள். சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் ஏன் கோவிந்தா சொல்கிறார்கள் என்று ஒரு பிள்ளை கேட்க, பெரியவர் ஒரு மணி நேரம் பிடிக்கிற கதையைப் பத்து நிமிஷத்தில் முடித்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பஸ் கிளம்பிற்று. வட்டக்கோட்டையை விட்டுவிட்டோம் என்று டீச்சர் சொன்னார், சொன்ன குரலில் வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். அரண்மனையைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல நான் யார், பார்க்கத்தான் வேண்டும், முகப்பு மண்டபமான பூமுகத்து மேல்தட்டில் தொண்ணூறு தாமரை செதுக்கியிருக்கிறார்கள், ஒன்று மாதிரி இன்னொன்று கிடையாது, அதற்கே கழுத்து வலிக்க நிற்கலாம். ஆனால் ஓட்டமாக ஓடி ஆறு இடம் காட்டுவதில் ஒன்றைக் குறையுங்கள். அந்த நேரத்தை எங்களுக்குக் கொடுங்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடங்கள் என்றால் ஒரு தடவை வேண்டுமென்றே திங்கட்கிழமை வாருங்கள், அரண்மனையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். பூட்டின வாசலைப் பார்த்தால்தான் பிள்ளைகளுக்கு மற்றப் பக்கம் கண் திரும்புகிறது. அதை நான் கண்ணால் கண்டேன்.

இன்னும் நேரம் இருந்தால் புலியூர்க்குறிச்சி ரொம்பத் தூரம் இல்லை. உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் கல்லறை இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த டிலனாய் மூலமாக மனம் மாறின அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளைதான் தேவசகாயம் பிள்ளை. 2022-இல் வத்திக்கானில் புனிதர் பட்டம் கொடுத்தார்களே, அவர்தான். அவரைச் சித்திரவதை செய்து இழுத்துப் போன வழியில் தாகத்துக்கு முட்டியால் இடித்ததும் தண்ணீர் வந்தது என்று நம்புகிற முட்டிடிச்சான் பாறையும் அங்கேதான். இந்தப் பக்கம் தக்கலையில் பீர்முகம்மது அப்பா தர்கா. தறி நெய்தவர், ஞானி, தமிழில் பாடினவர். ஆண்டு விழாவில் அவர் பாட்டுகளை ராத்திரி முழுக்கக் கூடி உட்கார்ந்து பாடுவார்கள். அதே மாதிரி, நவராத்திரிக்கு அரண்மனையிலிருந்து சரஸ்வதி யானை மேல் ஏறி, வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூட வர, திருவனந்தபுரத்துக்குக் கிளம்புகிற நாளில் வந்தீர்களென்றால் பஸ் நிறுத்த இடம் கிடைக்காது, அன்றைக்கு மட்டும் தயவுசெய்து நடந்தே வாருங்கள்.

சில விஷயங்களை வெளிப்படையாகவும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஒன்றும் துடைத்து வைத்த ஊர் இல்லை. பழைய வீடுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தால் கூலி கட்டுபடியாவதில்லை, மழையில் உத்தரம் இற்றுப்போனால் இடித்துவிட்டு கான்கிரீட் போடுவதுதான் லாபம். எங்கள் வீட்டிலேயே அந்தப் பேச்சு இரண்டு வருஷமாக ஓடுகிறது, கறுப்புத் தரை இருக்கிற அறையை மட்டும் விடலாமா என்று நானும் என் வீட்டுக்காரரும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பிள்ளைகள் வந்து போன பிறகு அவர் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். குளத்தில் கிடக்கிற பிளாஸ்டிக்கில் பாதி உங்கள் பிள்ளைகள் போட்டது, பாதி நாங்கள் போட்டது.

எல்லாருக்கும் நீங்கள் வருவது பிடிக்கும் என்றும் சொல்ல மாட்டேன். எதிர்வீட்டு மாமா கூச்சல் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வார். கொடியில் காயும் துணியையும் திண்ணையில் படுத்திருக்கிற பாட்டியையும் போட்டோ எடுக்க வேண்டாம் என்று பஸ்ஸிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள். ஒரே கூட்டமாக அறுபது பேர் தெருவில் இறங்காமல் பதினைந்து பதினைந்தாகப் பிரித்துவிட்டால் எங்களுக்கும் முகம் பார்த்துப் பேச வரும். கைடு வேண்டும் என்று அலைய வேண்டாம். ஒவ்வொரு தெருவிலும் பேச ஆள் கிடைக்காமல் தவிக்கிற ஒரு தாத்தாவாவது இருக்கிறார்.

பாத்ரூமுக்கு எங்கள் வீட்டுக்கு வரலாம், வரிசை மட்டும் ஒழுங்காக நிற்க வேண்டும். ரோட்டிலிருந்து பார்த்தால் மெஷின் சத்தம் கேட்கிற ஜன்னல், வாசலில் செம்பருத்தி. செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு லைனிங் துணி எடுக்க நான் தக்கலைக்குப் போய்விடுவேன், வீட்டில் அத்தை தனியாக இருப்பார், அவரிடம் மாட்டிக்கொண்டால் உங்களுக்குச் சூரிய அஸ்தமனம் கிடைக்காது.

இப்படிக்கு,
கோட்டைக்குள் இருக்கிற தையல்காரி